போங்காட்டத்துக்கு எது மருந்து: விடுவதா, தடுப்பதா, பேட்சுக்குக் காத்திருப்பதா?

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரி விடுதி. ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு பேர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரே அறையில் கூடி ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற, ஊர் கட்டிப் போர் செய்யும் கம்ப்யூட்டர் ஆட்டம் ஆடுகிறார்கள். ஆளுக்கு ஐம்பது ரூபாய், ஜெயித்தவனுக்குப் பிரியாணி. அதை நடத்துகிற தம்பி போன மாதம் எனக்கு எழுதினான்: “அண்ணே, ஒருத்தன் ஆட்டம் ஆரம்பிச்ச உடனே குதிரையை அனுப்பி எதிராளியோட பன்றியைத் தள்ளிட்டுப் போயிடுறான். அடுத்து வாசல்லயே அம்பு விடுற கோபுரம். மூணு பேர் வர்றதையே நிறுத்திட்டாங்க. தடை போடவா, வேண்டாமா?”

ஆட்டத்தின் பெயர் மாறும், கேள்வி இதேதான். துப்பாக்கிச் சண்டை ஆட்டமான கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடுபவர், ஒரே குண்டில் ஆளைச் சாய்க்கும் ஏடபிள்யூபி துப்பாக்கியைத் தடுக்கலாமா என்பார். சண்டை ஆட்டக்காரர் ஒரு கேரக்டரின் பெயரைச் சொல்லி, அவன் வந்தாலே ஆட்டம் செத்துவிடுகிறது என்பார். நடத்துபவர் கையில் ஐந்து வழிகள் இருக்கின்றன: சும்மா விடுவது, தடை போடுவது, தயாரித்த நிறுவனம் பேட்ச் (ஆட்டத்தைத் திருத்தும் அப்டேட்) விடும்வரை காத்திருப்பது, செட்டிங்கை மாற்றுவது, ‘வேண்டாமே’ என்று பேசி முடித்துக்கொள்வது. எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. அதில் பாதி பிறகுதான் தெரியவரும்.

முதலில் அந்தப் பன்றித் திருட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். வழக்கமான அரேபியா மேப்பில் ஒவ்வொருவர் வீட்டருகிலும் இரண்டு காட்டுப்பன்றிகள் இருக்கும். ஒரு பன்றியில் 340 உணவு. வேலை செய்கிற ஆளான வில்லேஜர் ஒருவரை உருவாக்க 50 உணவு. ஆக, ஒரு பன்றி போனால் கிட்டத்தட்ட ஏழு வில்லேஜர்கள் போன மாதிரி. எதிராளியின் குதிரை வந்து பன்றியை ஓர் அடி அடிக்கும். பன்றி சீறிக்கொண்டு துரத்தும். குதிரை நேராகத் தன் ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டருக்கு ஓடும். உங்கள் வீட்டுப் பன்றி அவன் வீட்டு அடுப்பில் வேகும்.

இது ஆட்டத்தில் உள்ள பிழை இல்லை. பன்றியை ஒரு தடவை க்ளிக் செய்து பாருங்கள். உங்கள் பெயர் இருக்காது, ‘கையா’ என்று இருக்கும். அதாவது இயற்கைக்குச் சொந்தம். ‘என் பன்றி’ என்பது நாமே மனசுக்குள் எழுதிக்கொண்ட பட்டா.

## எதை வைத்து எடை போடுவது

தெருக் கிரிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். ‘பந்து எதிர்வீட்டுக்குள்ள போனா அவுட்’ என்ற விதி ஊருக்கு ஊர் நிலைத்து நின்றது. ‘வேகமா போடக் கூடாது’ என்ற விதி ஒரு சாயங்காலம்கூடத் தாங்கியதில்லை. முன்னது நடந்ததா இல்லையா என்பது தெருவுக்கே தெரியும், எதிர்வீட்டு மாமி போடுகிற சத்தமே சாட்சி. பின்னதில் ஒவ்வொரு பந்துக்கும் சண்டை.

என் முதல் அளவுகோல் இதுதான்: நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்ப்பவனுக்கு, விதி மீறப்பட்டது சந்தேகமில்லாமல் தெரியுமா?

இரண்டாவது, அந்த உத்திக்கு விடை இருக்கிறதா, அதைத் தேட நாம் நேரம் கொடுத்தோமா? மூன்றாவது, மாற்றினால் யாருடைய பயிற்சி வீணாகும்? நான்காவது, தப்பான முடிவு என்று தெரிந்தால் சுலபமாகத் திரும்ப முடியுமா? கடைசியாக, அடுத்த ஞாயிறு எத்தனை பேர் வருவார்கள்? பன்னிரண்டு பேர் கூட்டத்துக்கு இந்தக் கடைசிக் கேள்வி மற்ற நான்கையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பெரிய டோர்னமென்ட் நடத்துபவர்களுக்கு அந்தக் கவலை கொஞ்சம் குறைவு.

## 1. சும்மா விடுவது

‘நீயே வழி கண்டுபிடி’ என்பது. கேட்கிறபோது திமிராகத் தெரியும். ஆனால் நாம் நினைப்பதைவிட அதிகமாகப் பலித்திருக்கிறது.

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே என்ற சண்டை ஆட்டம் 2001-இல் வந்தது. இணையம் வழியாகப் பேட்ச் இறங்காத காலம் அது. எந்தக் கேரக்டர் பலம், எது பலவீனம் என்று ஆட்டக்காரர்கள் வரிசை போட்டு வைத்திருந்தார்கள். யோஷியை யாரும் உச்சியில் வைக்கவில்லை. 2022 அக்டோபரில் ‘தி பிக் ஹவுஸ் 10’ டோர்னமென்டை ஜப்பானின் ஆம்சா அதே யோஷியை வைத்து வென்றார். 21 வருடமாக யோஷியை யாரும் பலப்படுத்தித் தரவில்லை, ஆடியவர்கள்தான் மாறினார்கள்.

இதைவிட உறைக்கிற உதாரணம் ஓவர்வாட்ச் என்ற அணி ஆட்டம். மூன்று டேங்க் (அடி தாங்குபவர்), மூன்று சப்போர்ட் (குணப்படுத்துபவர்) வைத்து ஆடும் ‘கோட்ஸ்’ அமைப்பு 2019 லீகைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பார்ப்பவர்களுக்குச் சலித்துவிட்டது. தயாரிப்பாளர்கள் அங்கே குறைத்து இங்கே கூட்டிப் பார்த்தும் அசையவில்லை. கடைசியில் இரண்டு டேங்க், இரண்டு டேமேஜ் (அடிப்பவர்), இரண்டு சப்போர்ட்தான் ஆட வேண்டும் என்று நான்காம் கட்டத்திலிருந்து கட்டாயமாக்கினார்கள். ஆனால் அதற்குச் சற்று முன்பு, 2019 ஜூலையில், மூன்றாம் கட்ட இறுதி ஆட்டத்தில் ஷாங்காய் டிராகன்ஸ் அணி மூன்று டேமேஜ் ஆட்டக்காரர்களை வைத்து சான் பிரான்சிஸ்கோ ஷாக் அணியை 4–3 என்று சாய்த்துவிட்டது. முந்தைய வருடம் ஆடிய நாற்பது ஆட்டங்களிலும் தோற்ற அணி அது. பூட்டு தயாராகி வருவதற்குள் ஆட்டக்காரர்களே சாவியைச் செய்துவிட்டார்கள்.

மறைந்திருக்கும் செலவு: விடை கிடைக்கும்வரை பொறுத்திருக்க ஆள் வேண்டும். லீகில் சம்பளம் வாங்குகிறவர்கள் பொறுத்திருப்பார்கள். விடுதியில் பரீட்சைக்கு நடுவே ஆட வருகிறவன் மூன்று வாரம் பன்றியைப் பறிகொடுத்துவிட்டு நான்காவது வாரம் சினிமாவுக்குப் போய்விடுவான்.

எப்போது இது சரி: உத்தி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஆடுகிறவர்கள் நிதமும் ஆடுகிறவர்கள், அந்த உத்தியை ஒருத்தராவது ஒரு தடவையாவது முறியடித்திருக்கிறார் என்றால்.

## 2. தடை போடுவது

சுத்தமான தடைக்குப் பழைய உதாரணம் 1994-இன் சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ. அதில் ரகசியக் குறியீடு போட்டால்தான் வருகிற அகுமா, ஆகாயத்தில் இருந்தபடியே நெருப்புருண்டை எறிவான். சாதாரண கேரக்டர்களால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. டோர்னமென்ட்களில் தடுத்தார்கள், விஷயம் முடிந்தது. அகுமாவை எடுத்தானா இல்லையா என்பதில் வாதமே வராது. முதல் அளவுகோலில் நூற்றுக்கு நூறு.

இப்போது 2008-இன் ஸ்மாஷ் பிராலுக்கு வாருங்கள். அதில் மெட்டா நைட் என்றொரு கேரக்டர், அகுமாவை மாதிரி வெளியே நிற்பவன் இல்லை, எல்லோருக்கும் கிடைப்பவன். கொஞ்சம் கூடுதல் பலம், அவ்வளவுதான். முதலில் அவனைத் தடுக்காமல் அவன் செய்வதைத் தடுத்துப் பார்த்தார்கள். மேலங்கியால் மறையும் வித்தையை நீட்டித்து, கண்ணுக்குத் தெரியாமலே இருந்துவிடுவதற்குத் தடை. மேடை விளிம்பில் தொங்கியே நேரத்தைக் கடத்துவதற்கு எண்ணிக்கை வரம்பு. இரண்டாவது விதி ஓரளவு ஓடியது, ஏனென்றால் எத்தனை தடவை விளிம்பைப் பிடித்தார்கள் என்று ஆட்டம் முடிந்ததும் திரையே கணக்குக் காட்டும். முதலாவதில் நீட்டித்தானா, கை தவறியதா என்ற கேள்வி எழுந்துகொண்டே இருக்கும்.

பிறகு அமெரிக்காவின் யூனிட்டி விதிக்குழு 2012 ஜனவரியிலிருந்து மெட்டா நைட்டையே தடுத்தது. அதே மாதம் நடந்த ஏபெக்ஸ் டோர்னமென்டோ தடையை ஏற்கவில்லை. ஜப்பானிலிருந்து வந்த ஒட்டோரி அங்கே மெட்டா நைட்டை வைத்தே கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். தடை அந்த வருடத்தையே தாண்டவில்லை.

தடையின் பெரிய செலவு இதுதான். உங்கள் அறைக்குள் செல்லும், பக்கத்து ஊரில் செல்லாது. உங்கள் பையன்கள் வெளியே போய் ஆடும்போது, தடுத்து வைத்திருந்த அதே உத்தியில் முதல் சுற்றிலேயே அடி வாங்குவார்கள். அந்த ஒரு கேரக்டரையே ஆறு மாதம் பழகியவனுக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்றைத் தடுத்ததும் அடுத்த பலசாலி யார் என்ற விசாரணை தொடங்கிவிடும், அது வேறு.

எங்கள் ஊர் பிரௌசிங் சென்டரில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடிய காலத்தில் ‘கேம்ப் அடிக்கக் கூடாது’ என்று சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார்கள். ஒளிந்து உட்கார்ந்திருக்கக் கூடாதாம். எத்தனை நொடி உட்கார்ந்தால் கேம்ப்? குண்டு வைக்கும் இடத்தைக் காப்பது போலீஸ் பக்கத்தின் வேலை, அதை ஓடிக்கொண்டேவா செய்வது? குண்டு வைத்த பிறகு அதற்குக் காவல் இருப்பவன்? ஒரு மணி நேர வாடகையில் கால் மணி நேரம் இந்த வழக்குக்கே போகும். காகிதத்தைக் கிழித்ததும் நாங்கள்தான்.

## 3. பேட்சுக்குக் காத்திருப்பது

தயாரித்தவரே சரிசெய்துவிட்டால் எல்லா ஊருக்கும் ஒரே விதி, வாதமே கிடையாது. சில நேரம் மின்னல் வேகத்தில் நடக்கும். 2015 டிசம்பரில் கவுன்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் ஆஃபென்சிவில் ஆர்8 ரிவால்வர் வந்தது. விலை 850 டாலர். 4,750 டாலர் ஏடபிள்யூபி செய்கிற வேலையை இடுப்புத் துப்பாக்கி செய்தால் யார் விடுவார்கள்? சில நாட்களுக்குள் வால்வ் நிறுவனம் அதன் பல்லைப் பிடுங்கியது. அந்த வாரம் தடை பற்றி விவாதித்தவர்கள் பேசி முடிப்பதற்குள் விஷயம் முடிந்துவிட்டது.

எல்லா நேரமும் அப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. ஸ்மாஷின் நான்காம் பாகத்தில் பேயோனெட்டா 2016 பிப்ரவரியில் வந்தாள். ஸ்பெயின் ஆட்டக்காரர்கள் தடையே போட்டார்கள். அந்த வருடம் மே மாதம் நின்டெண்டோ அவள் பலத்தைக் குறைத்தது. அதற்கப்புறமும் 2018 எவோ டோர்னமென்டின் இறுதி ஆட்டம் பேயோனெட்டாவுக்கும் பேயோனெட்டாவுக்கும்தான் நடந்தது, அரங்கமே கூச்சல் போட்டது. நெர்ஃப் (பலக்குறைப்பு) வந்துவிட்டது என்பதும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல.

இந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கிறதா என்பதே ஆட்டத்தைப் பொறுத்தது. மொபைல் ஆட்டங்களில் இது தேர்வே இல்லை, கட்டாயம். அப்டேட் செய்யாவிட்டால் உள்ளே விடாது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 போன்ற பழசுக்கு இனிமேல் துப்பாக்கியின் பலத்தைக் கூட்டிக் குறைக்க யாரும் வரப்போவதில்லை, அதற்காகக் காத்திருப்பது நின்றுபோன பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி. நடுவில் இருப்பது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: 2019 நவம்பரில் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு இன்றுவரை பேலன்ஸ் (பலத்தைச் சமன் செய்யும்) மாற்றங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அதே ஆட்டத்தின் பழைய கான்கரர்ஸ் பதிப்புச் சிடியை வைத்து ஆடுபவர்களுக்கு அவற்றில் ஒன்றும் சேராது.

இன்னொரு செலவு, பேட்ச் நாம் கேட்டதை மட்டும் மாற்றாது. 2023 செப்டம்பரில் குளோபல் ஆஃபென்சிவ் இருந்த இடத்தில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 வந்து உட்கார்ந்தபோது, பழைய கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்களுக்குத் துப்பாக்கி பேலன்ஸ் ஒரு கவலையாகவே இல்லை, ஆட்டம் ஓடுமா என்பதே கவலையாகிவிட்டது. பன்னிரண்டு லேப்டாப்பில் நான்கு பேர் அப்டேட் போடாமல் வந்தால் அந்த ஞாயிறு மதியம் ஹாஸ்டல் வைஃபையோடு போராடியே கழியும்.

## 4. செட்டிங்கும் ஆளுக்கொரு தடையும்

எனக்குப் பிடித்த வழி, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விதியை மனிதன் காவல் காக்காமல் ஆட்டமே காவல் காக்கும்படி செய்வது.

‘15 நிமிஷம் வரைக்கும் அடிக்கக் கூடாது’ என்று வாயால் சொன்னால், தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் கோபுரம் கட்டுவது அடியா இல்லையா என்று சண்டை வரும். டெஃபினிட்டிவ் எடிஷனில் ட்ரீட்டி என்ற செட்டிங்கைப் போட்டால் அந்த நேரத்துக்கு ஆட்டமே சமாதானத்தைக் காக்கும். கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 சர்வரில் ஏஎம்எக்ஸ் மாட் எக்ஸ் என்ற கூடுதல் மென்பொருளைப் போட்டிருந்தால், ஏடபிள்யூபியை வாங்க முடியாதபடி அட்மின் பூட்டிவிடலாம். நடுவர் வேலையை மெனு பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு வகை, ஆட்டத்துக்கு முன் ஆளுக்கொரு தடை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பத்து சாம்பியன்களை (கேரக்டர்களை) ஆட்டக்காரர்களே விலக்குகிறார்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் டோர்னமென்ட்களில் நாகரிகங்களைத் தேர்ந்தெடுப்பதும் விலக்குவதும் டிராஃப்டாக, அதாவது மாறி மாறித் தேர்வு செய்வதாக, நடக்கிறது. இதன் அழகு, ‘எது போங்கு’ என்று நடத்துபவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. பயப்படுகிறவன் தன் தடையை அதற்குச் செலவழிக்கட்டும், பயப்படாதவன் வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளட்டும். ஒரே கேரக்டரை வைத்துப் பிழைப்பவன் இரண்டாவது ஒன்றைத் தானாகவே பழகிவிடுவான்.

குறை இல்லாமல் இல்லை. ட்ரீட்டி போட்டால் கோபுரக்காரன் மட்டுமல்ல, சீக்கிரம் அடித்து ஆடுகிற எல்லோரும் நஷ்டப்படுவார்கள், மந்தமாக ஊர் கட்டி ஆடுபவன் அரசனாவான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிடும். பன்றித் திருட்டுக்கென்று தனியாக ஒரு செட்டிங்கும் கிடையாது. ஆளுக்கொரு தடை என்பது கேரக்டருக்கோ நாகரிகத்துக்கோ ஆயுதத்துக்கோ பொருந்தும், ஒரு செயலுக்குப் பொருந்தாது.

## 5. வாய்ப்பேச்சு

சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவிலேயே இன்னொருவன் இருந்தான், பழைய வடிவ சகாட். ஜப்பானில் அவனை எழுதித் தடுக்கவில்லை. எடுப்பது மரியாதை இல்லை என்று எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள். ஒருவரையொருவர் தெரிந்த, நிலையான கூட்டத்தில் இது நடக்கும். பதினொன்றாவது ஆளாகப் புதிதாக வருபவனுக்கு இந்த எழுதாத சட்டம் தெரியாது. பரிசுப் பணம் கூடினால் தெரிந்தவனுக்கும் மறந்துவிடும்.

இதில் நமக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 2019 மார்ச் 25, ஜெய்ப்பூரில் நம் அஸ்வின் பந்து போடும் முனையில் வெளியேறி நின்ற பட்லரை ரன் அவுட் செய்தார். விதிப்படி அவுட். ஆனாலும் உலகமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது, ஏனென்றால் எழுதிய விதி ஒன்று சொன்னது, வழக்கம் வேறொன்று சொன்னது. 2022 அக்டோபரில் கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்சிசி அதை ‘நியாயமற்ற ஆட்டம்’ பிரிவிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட் பிரிவில் சேர்த்தது. அஸ்வின் செய்தது சரி என்பதே என் கட்சி, அது இருக்கட்டும். வாய்ப்பேச்சு உடைகிற நாளில் பழி முழுவதும் விதிப்படி ஆடியவன் தலையில் விழுகிறது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

## ஒரே பார்வையில்

| வழி | மீறல் தெரியுமா | மறைந்த செலவு | திரும்ப முடியுமா | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| சும்மா விடுவது | மீற விதியே இல்லை | பொறுமையில்லாதவர் விலகுவர் | எப்போதும் | நிதமும் ஆடுபவர்களுக்கு |
| தடை | கேரக்டர், ஆயுதம் என்றால் தெரியும். ‘நடத்தை’ என்றால் தெரியாது | பயிற்சி வீண். வெளியூரில் செல்லாது | கஷ்டம், மானப் பிரச்சினை ஆகும் | விடையே இல்லாத ஒன்றுக்கு |
| பேட்ச் | ஆட்டமே பார்த்துக்கொள்ளும் | நேரம், டேட்டா, கேட்காத மாற்றங்கள் | நம் கையில் இல்லை | தயாரிப்பாளர் கவனிக்கிற ஆட்டத்துக்கு |
| செட்டிங், ஆளுக்கொரு தடை | ஆட்டமே பார்த்துக்கொள்ளும் | வேறு உத்திகளும் சேர்ந்து அடிபடலாம் | அடுத்த ஆட்டத்திலேயே | சின்னக் கூட்டத்துக்கு |
| வாய்ப்பேச்சு | தெரியும், நிரூபிக்க முடியாது | உடைந்தால் நட்பும் உடையும் | உடைந்ததை ஒட்ட முடியாது | பரிசு இல்லாத நண்பர்களுக்கு |

## எதைத் தேர்ந்தாலும், நடுவில் மாற்றாதீர்கள்

இரண்டு டோர்னமென்ட்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2013 ஆகஸ்டில் டோட்டா 2-இன் ‘தி இன்டர்நேஷனல்’. நாவி அணியின் டெண்டி ஆடிய பட்ஜ், எதிராளி மேல் கொக்கியை எறிவான். கொக்கி பறந்துகொண்டிருக்கும்போதே கூட்டாளி கேரக்டரான சென் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவான். கொக்கியில் மாட்டியவனும் மேப்பின் மறுகோடியில் இருக்கும் நாவியின் நீரூற்றுக்கே இழுபட்டு வந்து, அது சுடுகிற சூட்டில் நொடியில் சாவான். டாங்ஃபூ அணி இப்படித்தான் தோற்றது. போங்கு என்று ஒரு பாதி கத்தியது, மேதைமை என்று மறுபாதி கொண்டாடியது. நடத்தியவரும் தயாரித்தவரும் ஒரே வால்வ்தான். முடிவை அப்படியே விட்டார்கள், டோர்னமென்ட் முடிந்த பிறகு பேட்சில் அந்த வழியை அடைத்தார்கள்.

2014 நவம்பர், ஸ்வீடனில் டிரீம்ஹேக் வின்டர், கவுன்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் ஆஃபென்சிவ் டோர்னமென்ட். ஓவர்பாஸ் மேப்பில் எல்டிஎல்சி அணி முதல் பாதியில் 12–3 என்று முன்னால் இருந்தது. ஃப்னாட்டிக் ஆட்டக்காரர்கள் மூன்று பேர் ஒருவர் மேல் ஒருவர் ஏறி, கண்ணுக்குத் தெரியாத விளிம்பில் நின்று, மேப்பின் பெரும்பகுதியை மேலிருந்து பார்த்தார்கள். ஆட்டம் 16–13 என்று திரும்பியது. அந்த மாதிரி விளிம்பில் நிற்பது விதிக்கு உட்பட்டதா என்ற தகராறு அதன்பிறகே தொடங்கியது. மறுபடி ஆடச் சொன்னார்கள், ஃப்னாட்டிக் விலகியது, எல்டிஎல்சி கோப்பை வரை போனது. இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் இரண்டு கட்சி. தெளிவாக எழுதாத விதிக்கு ஆட்டம் முடிந்த பிறகு அர்த்தம் தேடப் போனதன் விளைவு.

## தம்பிக்கு எழுதியது

பன்றித் திருட்டுக்குத் தடை வேண்டாம் என்றேன். எழுத முடியாத விதி அது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கிற பன்றி யாருடையது என்று யார் சொல்வது? பெரிய டோர்னமென்ட்களிலும் அது தடையில்லை, விடையும் இருக்கிறது. உன் குதிரையை ஊர் சுற்றிப் பார்க்க அனுப்பும் முன் பன்றிகளுக்குப் பக்கத்தில் ஒரு சுற்று சுற்றவிடு. எதிரிக் குதிரை தெரிந்தால் நீயே முந்திக்கொண்டு பன்றியை இழுத்து டவுன் சென்டரடியில் வைத்துக் கொன்றுவிடு. கோபுரத்துக்கும் மூன்று வாரம் விட்டுப் பார், தெருக் கிரிக்கெட்டில் ட்ரையல் பால் மாதிரி. ஆளுக்கொரு நாகரிகத் தடையை மட்டும் இந்த வாரமே கொண்டுவா. ஒவ்வோர் ஆட்டத்தையும் ரெக்கார்ட் செய். வராமல் போன மூன்று பேருக்கும் அந்த ரெக்கார்டைப் போட்டுக்காட்டி, பன்றி எந்த நிமிடத்தில் போனது, குதிரை எங்கே இருந்தது என்று காட்டு. மூன்று வாரம் கழித்தும் கோபுரத்தை யாராலும் தடுக்க முடியவில்லை என்றால் பத்து நிமிட ட்ரீட்டி போடலாம், அதையும் ஒரு டோர்னமென்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் சொல்லிவிடு.

போன வாரம் ஒரு ரெக்கார்ட் அனுப்பியிருந்தான். நின்றுபோன மூன்று பேரில் ஒருவன் திரும்பி வந்திருக்கிறான். திருடன் குதிரை வருவதற்குள் இரண்டு பன்றியும் உள்ளே. அப்புறம் அவனே ஆளனுப்பித் திருடனின் பன்றி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். திருடன் சாட்டில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல் அடித்திருந்தான்: “போங்கு”.